ஒற்றைப்படை டப்பா

எங்கள் கட்டடத்துக்குப் படர்தாமரை யாரால் வந்தது என்று கேட்டால் என் கை தானாக இரண்டாம் மாடியைக் காட்டும். ஆனால் நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். தரைத்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக நாலு வாஷிங் மெஷின். ஒரு வீட்டுத் துண்டு இன்னொரு வீட்டு உள்பாவாடையோடு சுற்றிக்கொண்டிருக்கும்போது, அரிப்பு மட்டும் தனிக்குடித்தனமா நடத்தும்? ஆறே மாதத்தில் எலக்ட்ரீஷியன் சம்சாரத்திலிருந்து நாலாம் மாடி பேங்க் மேனேஜர் வரைக்கும் சொறிந்தார்கள். மேனேஜர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொறிந்தார். இந்த வியாதிக்குப் போய்த் தாமரை என்று பேர் வைத்த புண்ணியவானுக்கு அது தொடையிடுக்கில் வந்திருக்காது.

மூன்றாம் மாடியில் ரொட்டி மேடம். ரொட்டித் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை. ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன வழி என்று பார்ப்பதுதான் பிழைப்பு. புளித்த மாவில் வளரும் ஏதோ ஒரு நுண்ணுயிர், பூஞ்சையை அண்டவிடாத ஒரு சாற்றைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அவருடைய நாத்தனார் தோல் டாக்டர், எதிர்வீடு. ஒருநாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். நான் படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த படிதான்.

"அண்ணி, ரொட்டியில வர்றதும் பூஞ்சை, தோல்ல வர்றதும் பூஞ்சை. இப்ப இருக்கிற களிம்பு எதுக்கும் இது மசிய மாட்டேங்குது. உங்க சாறைக் கொஞ்சம் குடுங்களேன்."

"உங்கண்ணனுக்கு ஒரு டீ போட்டுக் குடுக்க நேரமில்ல, உனக்குச் சாறு வேறயா?"

கொடுத்தார். நாத்தனாரும் அண்ணியும் மூன்று வருஷம் ஒரே வேலையில் கிடந்தும் முகம் சுளிக்காமல் இருந்தார்களே, அதற்கே ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரித் தொற்றுநோய்ப் பிரிவின் மேற்பார்வையில் எங்கள் கட்டடத்திலேயே சோதனை. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டோம். ஒரே மாதிரி நாற்பது டப்பா. மேலே எண் மட்டும். இருபதில் மருந்து கலந்த களிம்பு, இருபதில் வெறும் களிம்பு. எதில் எது என்று மேடத்துக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பட்டியல் உறையில் போட்டு ஒட்டி ஆஸ்பத்திரியில் இருந்தது. எட்டு வாரம் பூச வேண்டும், யாரோடும் பகிரக்கூடாது, அவ்வளவுதான்.

என் எண் இருபத்திரண்டு. பத்து நாளாகியும் எனக்கு அரிப்பு அடங்கவில்லை. எலக்ட்ரீஷியன் சம்சாரத்துக்குப் பதினேழு. அவளுக்கு வட்டம் முழுக்க உதிர்ந்து தோல் பளபளவென்று வந்துவிட்டது. மேனேஜருக்கு ஒன்பது. அவரும் கதவைத் திறந்து வைக்க ஆரம்பித்திருந்தார். பதினேழு, ஒன்பது. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? எனக்கெல்லாம் ஒரே ஆள் இருந்தாலே போதும்.

"மருந்து ஒற்றைப்படையில இருக்கு. இரட்டைப்படை சும்மா வெண்ணெய்," என்றேன். ஒருத்தியிடம்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நாலாம் மாடி வரை போய், எனக்கே ரகசியமாகத் திரும்பி வந்தது.

அப்புறம் நடந்ததைக் குற்றம் என்று சொல்ல இன்னும் எனக்கு மனசு வரவில்லை. எதிர்வீட்டுக்காரி சொறிந்துகொண்டிருக்க நான் மட்டும் எப்படிக் குணமாவது என்று, ஒற்றைப்படைக்காரர்கள் தங்கள் டப்பாவில் பாதியை வழித்துக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள், கொடுத்தவர் வெறும் கையோடு போகக்கூடாதென்று தங்களதில் பாதியைக் கொடுத்தார்கள். மெஷின் மேல் இரண்டு டப்பா, நடுவில் ஒரு டீஸ்பூன். பதினேழில் பாதி எனக்கு வந்தது.

எட்டு வாரம் முடிந்து, உறை பிரித்து, கணக்கெல்லாம் போட்ட அடுத்த நாள் ரொட்டி மேடம் வாஷிங் ரூமில் உட்கார்ந்திருந்தார். துணியைப் போட்டு, சோப்பும் போட்டுவிட்டு, மெஷினை ஓடவிடாமலே அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், கரண்ட் இல்லையா?"

"ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி ஆறியிருக்குக்கா. மருந்து பூசினவங்க, பூசாதவங்க, ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் குழு கூடுது. 'மருந்தால் பலன் இல்லை'ன்னு எழுதிடுவாங்க. எழுதிட்டா அவ்வளவுதான். இனி ஒருத்தரும் அந்தச் சாறைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் நான் நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி நழுவியிருப்பேன். சொன்னால் கட்டடம் முழுக்க மாட்டிக்கொள்ளும். அப்புறம் என்னிடம் யார் வாயைத் திறப்பார்கள்? எனக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை. ஆனால் மூன்று வருஷமாக ஒரு மனுஷி கண்விழித்துப் பார்த்த வேலையை ஒரு டீஸ்பூன் சாப்பிட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"மேடம், மருந்து மேல தப்பில்ல. நாங்க கலந்துட்டோம்."

முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தார். "யாரோடது யாரோட கலந்துச்சு?"

சொன்னேன். ஒன்று முதல் நாற்பது வரை, எந்த மெஷின் மேல், எந்தக் கிழமை, ஒரு வீட்டில் மூன்று பேராகப் பங்கு போட்டது உட்பட. முப்பத்தொரு பேர் கலந்திருந்தார்கள். எழுதி எழுதி அவருக்குக் கை வலித்தது.

"ஒற்றைப்படையிலதானே இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, அது குலுக்கிப் போட்டது. ஒற்றை, இரட்டை ஒண்ணும் கிடையாது. பதினேழு வெறும் களிம்பு. உங்க இருபத்திரண்டுலதான் மருந்து இருந்துச்சு."

"அவளுக்குப் பத்தே நாள்ல ஆறிடுச்சே!"

"சிலருக்குத் தானாவே ஆறும். சிலருக்கு மருந்து போட்டாலும் நாளாகும். அதனாலதான் நாப்பது பேரைக் கேட்டோம்."

மருந்தை வழித்துக் கொடுத்துவிட்டு வெண்ணெயை வாங்கி, அவளுக்கு இரண்டு வாரம் நன்றி வேறு சொல்லியிருக்கிறேன். போகட்டும்.

"மிச்சம், கலக்காத ஒன்பது பேர்ல, மருந்து பூசினவங்களுக்கு நல்லா ஆறிச்சா?"

"ஒன்பது பேரை வெச்சு நான் பேசினா, ரெண்டு பேரை வெச்சு நீங்க பேசினதுக்கும் எனக்கும் என்னக்கா வித்தியாசம்?"

இது சுருக்கென்று தைத்தது.

நாத்தனார் டாக்டர் வந்து விஷயத்தைக் கேட்டு முதலில் தலையில் அடித்துக்கொண்டார், அப்புறம் வழி சொன்னார். வாய்ச்சொல்லைக் குழு ஏற்காது. கலந்தவர்கள் அவரவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால், 'பலன் இல்லை' என்பதற்குப் பதிலாக 'தெரியவில்லை' என்று எழுதலாம். தெரியவில்லை என்றால் மறுபடி சோதிக்கலாம். கேட்க ஒரே வார்த்தைதான் மாறுகிறது. அதில்தான் மூன்று வருஷமும் கிடந்தது.

"யார் போய் வாங்கறது?" என்றார் டாக்டர். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு கதவிலும் நின்று, நான்தான் கிளப்பிவிட்டேன், நான்தான் போட்டும் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. மேனேஜர் நிமிர்ந்து நின்றார்.

"நானா? டப்பாவை நான் யாரோட பகிர்ந்தேன்?"

"ஞாயித்துக்கிழமை காலைல, மூணாவது மெஷின் மேல சார். டீஸ்பூன் உங்க வீட்டுது."

பேனா எங்கே என்றார்.

எலக்ட்ரீஷியன் சம்சாரம்தான் கஷ்டம். "உங்ககிட்ட சொன்னா ஊருக்குப் போகும்னு தெரியும். ஆஸ்பத்திரிக்கும் போகும்னு தெரியாமப் போச்சு. இனி எங்கிட்ட வராதீங்கக்கா," என்றாள். கையெழுத்துப் போட்டாள், பேனாவை என் கையில் தராமல் ஷூ அலமாரி மேல் வைத்தாள். இன்று வரை பேசவில்லை. அவள் டப்பாவில் இருந்தது வெறும் வெண்ணெய் என்பதை நானும் அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலைக்குள் இருபத்தெட்டுக் கையெழுத்து. மூன்று பேர் கடைசிவரை போடவில்லை. அவர்கள் பேரை இங்கே எழுதக் கை துறுதுறுக்கிறது. குழு 'தெரியவில்லை' என்று எழுதியது. சோதனை மறுபடி நடக்கும், ஆனால் வேறு கட்டடத்தில்.

"எந்தக் கட்டடம் மேடம்?" என்றேன்.

"நீங்க இல்லாத கட்டடம்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எந்தக் கட்டடம் என்று எனக்கு நாலே நாளில் தெரிந்துவிட்டது. எத்தனை பேர், என்றைக்கு டப்பா கொடுக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.