இடது இமை

மிரண்டா பதினோராவது தாளை உரித்தபோது, படத்தில் இடது கண் மறுபடியும் கீழே வழிந்திருந்தது.

சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய தாள் அது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும் பெரிய காமிராவில் அதற்கு ஒளியைக் காட்டி, இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்தவேண்டும். தாளோடு இருக்கும் மருந்துப் பை நசுங்கிப் பரவும். சில நிமிடங்களில் மேலே ஒட்டிய கறுப்புத் தாளை உரித்தால் வண்ணப்படம். அவள் எடுத்ததெல்லாம் தன்னைத்தான், மாதம் ஒன்றாக. டன்லப் ஸ்திரீட் கடைவீட்டின் மாடியறையில் திரைகளை மூடி, லென்ஸைத் திறந்துவைத்து, இருட்டில் பத்து நிமிடம் மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, ஃபிளாஷை அழுத்துவாள். யாரும் பார்க்காதபோது, தானேகூடப் பார்க்காதபோது, ஒரு முகம் என்னவாக இருக்கிறது என்பதுதான் அவளுடைய பரிசோதனை. பன்னிரண்டு படங்கள் சேர்ந்ததும் கண்காட்சி.

ஆறாவது படத்தில் அந்த வழிசல் தொடங்கியது. கேலரிக்காரர்கள் பார்த்துவிட்டு, வண்ணமே அழுகிறது என்றார்கள். அப்படித்தான் செய்ய நினைத்தேன் என்று மிரண்டாவும் தலையாட்டிவிட்டாள். ஆனால் பத்தாவதில் பாதிக் கண்ணைக் காணோம். உருளைகளைத் துடைத்தாள், ஏர்கானைக் குறைத்தாள். இன்று தாளைத் தலைகீழாகச் செலுத்தியிருந்தாள். கோளாறு உருளையில் என்றால் கண் நெற்றிப் பக்கமாக இழுபட்டிருக்க வேண்டும். அது கன்னத்தின் பக்கமே இறங்கியிருந்தது.

மிச்சம் இரண்டு தாள்கள். வேறொரு முகத்தை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று, கீழே தையல்கடை வைத்திருக்கும் சம்சுன்னிசாவைக் கூப்பிட்டாள்.

"எதுக்கும்மா இது, எனக்கு மாப்பிள்ளை பாக்கவா?" என்றபடி வந்தவள், வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துத் துப்பட்டாவில் குத்திக்கொண்டாள்.

"சும்மா டெஸ்ட், நிசாக்கா. இருட்டுல பத்து நிமிஷம் மேல பாத்துக்கிட்டுப் பேசாம உக்காரணும்."

"பேசாமலா? எம் புருஷன் கேட்டா உனக்குப் பிரியாணியே போடுவாரு லா."

மூன்று தடவை சிரித்தாலும் அசையாமல் உட்கார்ந்தாள். படத்தை உரித்தபோது இரண்டு கண்களும் நூல் பிடித்தாற்போல் ஒரே மட்டத்தில் இருந்தன. கண்மைக் கோடுகூடக் கலையவில்லை.

"ஐயோ, ஒரு சுருக்கத்தையும் விடல பாரு!" என்று சிரித்த நிசாக்கா, பக்கத்தில் கிடந்த பதினோராவது படத்தைப் பார்த்தாள். பிறகு மிரண்டாவைப் பார்த்தாள். ஒரு தோள் அரை இன்ச் இறங்கியிருந்தாலும் டேப் இல்லாமலே சொல்லிவிடும் கண் அது.

"மேல பாரு. அந்த ஃபேனைப் பாரு. பாத்துக்கிட்டே இரு."

மிரண்டா பார்த்தாள். விசிறி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணுக்கு அதன் ஓரம் மறைந்தது.

"மெஷின் சரியாத்தாம்மா இருக்கு," என்றாள் நிசாக்கா, மெல்ல.

காலையில் கண்ணாடியில் இரண்டு கண்களும் ஒன்றுபோலத்தானே இருந்தன. தினமும் அப்படித்தானே இருந்தன. ஆறாவதிலிருந்து பதினொன்றுவரை ஆறு படங்களையும் தரையில் வரிசையாக வைத்தாள். வண்ணம் எங்கேயும் வழியவில்லை. பத்து நிமிடம் மேலே பார்த்துச் சோர்ந்த இடது இமை, மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மூடிக்கொண்டு வந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாளாகக் குடிக்கிற தண்ணீர் மூக்கில் ஏறுவதும் இப்போது நினைவுக்கு வந்தது; தொண்டையும் அப்படியே தளர்கிறதோ?

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் கடையைச் சாத்திட்டு டாக்ஸி புடிக்கிறேன்."

"ஒரு தாள் இருக்குக்கா."

"பைத்தியமா உனக்கு?"

"பத்தே நிமிஷம்."

நிசாக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

இருட்டில் உட்கார்ந்ததும் இடது இமையின் எடையை முதல்முறையாக உணர்ந்தாள். ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது. ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். வலது பக்கமும் கனப்பதுபோல் இருந்தது. பயத்தினால் அப்படித் தோன்றலாம். ஃபிளாஷை அழுத்தினாள். உருளைகள் தாளை மெதுவாக விழுங்கி வெளியே தள்ளின.

கீழே இரும்புக் கதவை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. "மிரண்டா, டாக்ஸி வந்துருச்சு, இறங்கி வா!"

அவள் தாளின் கீழ் விளிம்பைப் பிடித்து உரித்தாள். முகவாய் வந்தது. உதடுகள் வந்தன. மூக்கு, ஈரமாக, நல்ல நிறத்தில் வந்தது. அங்கே அவள் விரல்கள் நின்றன. கண்களின் மேலே கறுப்புத் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, உரித்த விளிம்பில் மருந்து திரண்டு துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.