எட்டேகாலுக்குக் கறுக்கும் விரல்கள்

டெல்வின் ஸ்டக்கி எங்கள் ஆர்வின் கவுண்டி அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த பணம் ஆயிரத்து நூற்று முப்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட். கோர்ட்டுக் கம்ப்யூட்டரில் யார் அவன் பெயரைத் தேடினாலும், அந்த நிமிஷமே அவனுடைய பத்து விரல் நுனிகளும் கறுத்துப்போகும். இதில் அவனுக்கென்று தனிச் சிறப்பு ஒன்றும் கிடையாது. எங்கள் கவுண்டி ஜெயிலில் ஒரு ராத்திரியாவது பெயர் பதிந்து, மை தடவிக் கைரேகை கொடுத்த எல்லோருக்கும் அப்படித்தான். ஜெயிலில் யார் இருக்கிறார்கள், யார் மேல் என்ன வழக்கு, எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது சட்டம். அதற்காகப் பழைய கனத்த புத்தகங்களை எடுத்துவிட்டுக் கோர்ட்டு முன்கூடத்தில் பொதுமக்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அது வந்த வாரமே விரல்கள் கறுக்க ஆரம்பித்தன. சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. ஒரு மணி நேரம் விட்டால் தானாகப் போய்விடும்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. கோழி ஆலையில் ஆள் எடுக்கும் திங்கட்கிழமைகளில் வரிசையில் நிற்பவர்கள் குனிந்து கையைப் பார்த்துக்கொள்வார்கள்; கறுத்தவன் பெயர் கூப்பிடும்வரை காத்திராமல் வீட்டுக்குப் போய்விடுவான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனவனும் பதிலைக் கையிலேயே படித்துக்கொள்வான். அந்த விவரமெல்லாம் போனிலும் கிடைக்க ஆரம்பித்த பிறகு, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் எவனுக்காவது விரல் கறுத்தால், "எவளோ உன்னப் பத்தி விசாரிக்கிறாடா, சட்டைய நல்லாப் போடு" என்று கிண்டல் செய்வார்கள். ஒரு ஈஸ்டர் ஞாயிறன்று பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்த எங்கள் போதகருக்கே கறுத்தது. மீதிப் பிரசங்கத்தைக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு முடித்தார். கவுண்டித் தேர்தலில் நின்ற ஒருவர் ஜூலை வெயிலில் கையுறை போட்டு ஓட்டுக் கேட்டார், ஜெயித்தும்விட்டார்.

டெல்வின் செய்த குற்றம் பெரிதில்லை. பழைய அபராதம் ஒன்றைக் கட்டாததால் லைசென்ஸை முடக்கியிருந்தார்கள். அது தெரிந்தும் அப்பா ஹோசியாவின் டிரக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். வழியில் நிறுத்தினார்கள். ஒரு ராத்திரி ஜெயில், காலையில் வெளியே. டிரக்கை இழுத்துப்போன இடத்தில் நாளுக்கு இவ்வளவு என்று வாடகை ஏறியது. ஹோசியா காசு புரட்டி முடிப்பதற்குள் அதை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். பதினாறு வருஷம் ஓட்டிய டிரக். ஹோசியா மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பஞ்சாலைக்கு நடந்து போனார். திட்டியிருந்தால் டெல்வின் வீட்டில் இருந்திருப்பான். அந்த நடையைப் பார்க்க முடியாமல்தான் ஒரு மார்ச் மாதம் கிளம்பிப் போனான். கடனைக் கட்டிவிட்டுத்தான் அப்பாவிடம் பேசுவது என்று வைத்துக்கொண்டான். அபராதத்தோடு கோர்ட்டுச் செலவு சேர்ந்தது. தவணையில் கட்ட ஒரு கட்டணம், தவணை தவறியதற்கு ஒரு கட்டணம், வாரண்ட் போட்டதற்கு ஒரு கட்டணம் என்று ஏறி, அவன் நூறு டாலர் சேர்ப்பதற்குள் கடன் இருநூறு வளர்ந்துவிடும். பிறகு அதை எட்டிப் பிடிப்பதை விட்டுவிட்டான்.

அவன் போன ஏழு வருஷமும் காலை எட்டேகாலுக்கு விரல்கள் கறுத்தன. நெல் காயவைக்கும் கொட்டகையில், கெளுத்தி மீன் குட்டைகளில், மர அறுவை மில்லில், எங்கே இருந்தாலும் எட்டேகால். சனி ஞாயிறு கறுக்காது. அரசு விடுமுறையிலும் கறுக்காது. அதை வைத்துத் தன்னைத் தேடுவது அரசாங்கம்தான் என்று டெல்வின் முடிவு கட்டினான். வேறு யார் இப்படிச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதுபோல் தேடுவார்கள்? ஓர் இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கமாட்டான். முதலாளி கையைப் பார்த்துவிடாமல் இருக்க எட்டு மணிக்கே கையுறை மாட்டிக்கொள்வான்.

எட்டாவது வருஷம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை விரல்கள் கறுக்கவில்லை. ஏதாவது விடுமுறையா என்று காலண்டரைப் பார்த்தான், இல்லை. அன்றைக்கு பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் இரண்டு தட்டு சாப்பிட்டான். புதன்கிழமையும் கறுக்கவில்லை. கடனைத் தள்ளிவிட்டார்களோ என்றுகூட நினைத்தான். அடுத்த வாரம் எட்டு மணிக்கே கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காப்பி இறங்கவில்லை. மில்லில் கூட வேலை பார்த்த, ஒரு காலத்தில் எங்கள் ஜெயிலில் கிடந்த கிழட்டு ரஃபஸ் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எனக்குப் பதினோரு வருஷமாச்சுடா கறுத்து. நான் இருக்கேனா செத்தேனான்னு பாக்க ஒரு நாய் இல்ல. உன்னையாவது இத்தன நாளு எவனோ பாத்துட்டிருந்தான்." டெல்வின் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினான்.

கோர்ட்டு முன்கூடத்தில் மிஸ் வனேட்டா உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா வேலையில் தலை நரைத்தவர். எங்கள் கவுண்டியில் அவருக்குத் தெரியாத முகம் கிடையாது. டெல்வினை அடையாளம் கண்டுகொண்டும் முகத்தில் காட்டவில்லை. போலீஸ் டெப்புட்டி பத்து மணிக்குத்தான் காப்பிக்கு வருவான், பின்பக்கக் கதவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவைத்தார். ஆபீஸில் தன்னைத் தேடிக்கொண்டிருந்தது யார் என்று டெல்வின் கேட்டான்.

"உன்னத் தேட இந்த ஆபீஸ்ல யாருக்குப்பா நேரமிருக்கு? உங்கப்பாதான்."

பஞ்சாலைக்குப் போகிற வழியில் தினமும் வருவாராம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். வருவதைப் படித்துவிட்டு, "இன்னிக்கும் இல்ல" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். அது நிம்மதிப் பேச்சு என்றுதான் மிஸ் வனேட்டா இரண்டு வருஷம் நினைத்திருந்தார். ஒருநாள், பையன் ஜெயிலில் இல்லை என்றால் நல்லதுதானே மிஸ்டர் ஹோசியா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஹோசியா நின்று திரும்பினாராம்.

"உள்ள இருந்தா, ஒரு கட்டில் இருக்கு, மூணு வேள சாப்பாடு இருக்கு, தலைக்கு மேல கூரை இருக்குன்னு தெரியும். உள்ள இல்லேன்னா எனக்கு என்ன தெரியும், மிஸ் வனேட்டா?"

தினமும் விரலைக் கறுக்கவைத்தால் பையன் பிழைப்புக் கெடாதா என்றும் மிஸ் வனேட்டா கேட்டிருக்கிறார். அதற்கு ஹோசியா சிரித்தாராம். எட்டேகாலுக்கு அவன் கையைப் பார்த்துக்கொள்வான், அப்பன் வேலைக்குப் போகிற நேரம் என்று அவனுக்குத் தெரியாதா, என்றாராம்.

அப்பா எங்கே என்று டெல்வின் கேட்டதற்கு, பஞ்சாலைப் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் ஆகி, இரண்டு மணி நேரத் தொலைவில் நகரத்து நோயாளர் இல்லத்தில் படுத்திருக்கிறார் என்று மிஸ் வனேட்டா சொன்னார். சரியாகச் சாப்பிடுவதில்லையாம். அப்பா பார்த்ததைத் தானும் பார்க்க வேண்டும் என்றான் டெல்வின். அதே நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரைத் தானே தட்டினான். கடைசி எழுத்தை முடித்து பட்டனை அழுத்தியதும் விசைகளின் மேலேயே பத்து விரலும் கறுத்தன. திரையில் அவன் முகம், ஏழு வருஷத்துக்கு முந்தியது. காவலில் இல்லை. வாரண்ட் நிலுவையில். பாக்கி ஆயிரத்து நூற்று முப்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட்.

"பாத்தாச்சுல்ல. கையப் பைக்குள்ள விட்டுக்கிட்டுக் கிளம்பு தம்பி. ரெண்டு மணி நேரத்துல அப்பாவப் பாத்துரலாம்."

"பாப்பேன். ஒரு நாள் பாப்பேன். அப்புறம் மறுபடி ஓடணும்." டெல்வின் எழுந்திருக்கவில்லை. "அவரு என்னைய இதுலதானே தேடுனாரு. ஒரு போன் போட்டு, நாளைக்குக் காலையில பாக்கச் சொல்றீங்களா?"

டெப்புட்டி கிப்ஸ் பத்து மணிக்கு வந்தான். நாற்காலியில் இருந்தவனின் விரல்களைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். ஸ்டக்கிதானா என்று கேட்டான். ஆமாம் என்றான் டெல்வின். "சரி. காப்பியக் குடிச்சிட்டுப் போவோம், ஆறிரும்" என்றான் கிப்ஸ். மிஸ் வனேட்டா மூன்று கோப்பை ஊற்றினார். ஜெயிலில் பெயர் பதிகிறவர் மைப் பலகையை எடுத்தார், டெல்வின் கையைப் பார்த்தார், பலகையைத் திரும்ப வைத்துவிட்டு விரல்களை அப்படியே அட்டையில் அழுத்தினார். ரேகை தெளிவாகவே விழுந்தது.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, தட்டில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்த டெல்வினுக்கு விரல்கள் கறுத்தன. நோயாளர் இல்லத்தில் நர்ஸ் ஒருத்தி தன் போனைப் பிடித்துக் காட்ட, ஹோசியா ஒற்றை விரலால் தட்டியிருக்கிறார். புதுப் படம் வந்ததாம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எளச்சிருக்கான்" என்று சொன்னாராம். பிறகு முட்டை இருக்கிறதா என்று கேட்டாராம்.

கட்ட வழியில்லாதவர்கள் உள்ளே இருந்து கழிக்கலாம், நாளுக்கு ஐம்பது டாலர் என்று எங்கள் கவுண்டியில் வழக்கம். டெல்வின் கழித்தான். இருபத்திரண்டு நாளில் முப்பத்தேழரை டாலர் மீந்தது. அரை நாள், முக்கால் நாள் என்று ஜெயிலில் கணக்குக் கிடையாது. இருபத்துமூன்றாம் நாள் அவன் வெளியே வந்தபோது கவுண்டி அவனுக்குப் பன்னிரண்டரை டாலர் பாக்கி. அதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் வழி தெரியவில்லை. அங்கே காசு வாங்க ஏழு ஜன்னல் இருந்தது, கொடுக்க ஒரு ஜன்னலும் இல்லை. திரையில் தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி மட்டும் நின்றது.

லைசென்ஸ் திரும்பி வந்தது. கோழி ஆலையில் அவன் விரல் கறுத்தபடியேதான் வரிசையில் நின்றான். கடைசிவரை நின்றதால் அவனைக் கூப்பிட்டார்கள், வேலையும் கொடுத்தார்கள். இரவு ஷிப்டு. சம்பளத்தில் ஒரு பழைய டிரக் வாங்கி அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தான். ஹோசியாவுக்கு வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. ஆனாலும் எட்டு மணிக்குத் தொப்பியை வைத்துக்கொண்டு, டிரக்கில் கோர்ட்டுக்குப் போக வாசலில் நிற்பார். பையன் கண்ணெதிரே இருக்கும்போது கோர்ட்டில் என்ன தேடுவது என்று டெல்வின் கேட்டதற்கு, கவுண்டிக்காரன் நமக்குத் தர வேண்டியது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்றார். பார்த்துவிட்டு வந்து முடிவெட்டும் கடையில் சொல்வார். கவுண்டியே ஸ்டக்கி குடும்பத்துக்குக் கடன்பட்டிருப்பதைப் பற்றி அங்கே மாசக்கணக்கில் பேசினார்கள்.

அடுத்த கோடையில் கணக்குப் பார்க்க வந்தவர்கள் கழித்தல் குறியைப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டரை டாலரைக் கொடுக்க மூன்று தீர்மானம் போட வேண்டும், இல்லையென்றால் டெல்வின் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். மிஸ் வனேட்டா தாளைக் கோர்ட்டு வாசலில் நின்ற டிரக்குக்கே எடுத்துவந்தார். டெல்வின் அப்பாவைப் பார்த்தான். ஹோசியா நன்றாக யோசித்தார்.

"விட்டுருடா. அவங்களுக்கும் என்ன கஷ்டமோ."

டெல்வின் கையெழுத்துப் போட்டான். எட்டேகால் தாண்டியிருந்ததால் தாளின் ஓரத்தில் ரேகையும் விழுந்தது. அன்று மத்தியானம் பாக்கி சைபர் என்று பதிந்தார்கள்.

மறுநாள் எட்டு மணிக்கு ஹோசியா தொப்பியோடு வாசலில் நின்றார். டெல்வின் ஒன்றும் கேட்காமல் டிரக்கை எடுத்தான். கோர்ட்டுப் படியோரம் இறக்கிவிட்டு, நிழல் பார்த்து நிறுத்தி, ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருந்தான். விரல்கள் கறுத்ததும் என்ஜினைப் போட்டுப் படியோரம் கொண்டுபோனான்.