தவணையா, காலமா?

மில்லி சித்தி சாகும்போது எனக்குப் பதினோராயிரம் பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனாள். சேதி வந்த அன்றே என் கணவன் கிளென் கணக்குப் போட்டுவிட்டான். வீட்டுக் கடனில் இன்னும் தொண்ணூறாயிரம் பாக்கி. வருடத்துக்கு அதில் பத்து சதவீதம் வரை கூடுதலாகக் கட்டலாம். அதைத் தாண்டினால் அபராதம்.

"டிசம்பர் முடியறதுக்குள்ள ஒன்பதாயிரம். ஜனவரி பொறந்தா புது வருஷம், புதுக் கணக்கு. மீதி ரெண்டாயிரத்தையும் கட்டிடலாம். வங்கிக்காரன் ஒரு பென்னி புடுங்க முடியாது!" என்றான், கோல் போட்டவன் மாதிரி.

நான் கெட்டில் ஆவியில் கைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். கிரிம்ஸ்பி மீன் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக ஹாடக் மீனைத் துண்டு போடுகிறேன். இரண்டு ஜோடி கையுறைக்குள்ளும் விரல்கள் குளிரில் மரத்து வேறு யாருடையவோபோல இருக்கும். வியாழன் சாயங்காலம் ஆனால் சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாது.

"அந்தப் பணத்துல நான் கொஞ்ச நாள் லீவு போட்டா என்ன?"

"லீவு போட்டா பணந்தான் தீரும் டெனிஸ், கடன் தீராது. இப்பக் கட்டினா பதினஞ்சு மாசம் முன்னாடியே வீடு நம்மது. பத்து வருஷம், எட்டே முக்காலா ஆயிடும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் எப்பவும்போலத்தான்."

அவன் கெட்டவன் இல்லை. தவணை கட்ட முடியாமல் அவன் அப்பா வீட்டை இழந்த நாளில், தெருவில் கிடந்த கட்டில்மேல் உட்கார்ந்திருந்தவன். அவனிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டே முக்கால் வருடத்தில் எத்தனை வியாழன் என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி சமையலறை மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டு வங்கியைக் கூப்பிட்டோம். பிறந்த தேதி, ரகசிய எண் எல்லாம் சொன்னேன். ஒன்பதாயிரம் போயிற்று.

"மேடம், இனி கடன் காலத்தைக் குறைக்கட்டுமா, மாசத் தவணையைக் குறைக்கட்டுமா?" என்று வங்கிப் பெண் கேட்டாள்.

"காலத்தைத்தான்" என்றான் கிளென்.

"மன்னிக்கணும் சார், லைன்ல மேடம்தான் இருக்காங்க. அவங்க சொல்லணும்."

இப்படி ஒரு கேள்வி வரும் என்றே எனக்குத் தெரியாது.

"தவணையைக் குறைச்சா எவ்வளவு குறையும்?"

"மாசம் தொண்ணூத்தி மூணு பவுண்டு, மேடம்."

என் ஒரு நாள் சம்பளம் கைக்கு வருவது தொண்ணூற்றொன்று.

"அதை வெச்சு என்னடி பண்ணப்போற? தீவு வாங்கப்போறியா?" கிளென் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"தவணை" என்றேன். "தவணையைக் குறைங்க."

கிளென் போனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"பதினஞ்சு மாசத்தை வித்துட்ட."

"ஆமா."

"எதுக்கு?"

"மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமைக்கு."

அவன் வெளியே போனான். நான் தொழிற்சாலை மேற்பார்வையாளர் சான்ட்ராவைப் போனில் கூப்பிட்டு, மாதம் ஒரு வெள்ளி சம்பளமில்லா லீவு கேட்டேன்.

"மாசத்துக்கு ஒரே ஒரு நாளா? அதுக்கா இப்படிக் குரல் நடுங்குது? சரி, எடுத்துக்க. கடைசி வெள்ளி. ஆனா நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடு, ஆளே இல்ல."

"வரேன்" என்றேன்.