தெய்வசிகாமணியின் தலையில் இரைச்சல்

அந்த வாரம் எங்கள் குடியிருப்பில் கணவன்மார்கள் எல்லாரும் தங்கள் மண்டைக்குள் மனைவி இருப்பதை நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். தெய்வசிகாமணி முறை வந்தது.

வழி எளிதுதான். ஆன்லைனில் வாங்கிய மூளை அலைப் பட்டையை நெற்றியில் மாட்டி மனைவியை நினைக்க வேண்டும். சிக்னல் போய் மேசை மேலிருக்கும் பல்பு எரியும். எரிந்தால் அவர் மனைவி கோகிலவாணி வீட்டில் இருப்பாள். எரியாவிட்டால் சாயங்கால பஸ்ஸில் உடுமலைக்குப் போய்விடுவாள்.

மனுஷன் நெற்றியில் உப்புத் தண்ணீர் தடவி, பட்டையை மாட்டி, நினைத்தார். பட்டையோடு இணைத்த திரையில் மூளை அலைக் கோடு கன்னாபின்னாவென்று குதித்தது. பல்பு எரியவில்லை.

"என்னையத்தான் நினைச்சீங்களா?"

"உன்னையத்தான்."

"எரியலீங்களே."

அவள் பெட்டியை எடுத்தாள்.

சிக்னல் ரிப்பேர் செய்யும் ஜோதிலிங்கத்தை வரவழைத்தார்கள். அவர் கோட்டைப் பார்த்துவிட்டு, அத்தனையும் இரைச்சல், வேறு எதுவோ சிக்னலில் கலக்கிறது என்றார். ஃபிரிட்ஜை அணைத்தார்கள். ஃபேனை அணைத்தார்கள். கோடு அடங்கவில்லை.

கண்ணைச் சிமிட்டுவதுதான் காரணம் என்று தெரிந்தது. கோகிலவாணி குறுக்கே நடக்கும்போதெல்லாம் சிமிட்டுகிறாராம். இமைகளைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்தார் ஜோதிலிங்கம். வலி ஒன்றும் இல்லை, கொஞ்சம் காற்றுப் பட்டது.

அடுத்தது தாடை. அவள் புடவை மடிப்பதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார், அந்த விறைப்பு நெற்றிவரை ஏறுகிறது. தாடையையும் கழற்றிப் பேப்பரில் சுற்றினார்கள். மிச்சம் இருந்தது இதயம். அது சொன்ன பேச்சே கேட்கவில்லை. கொடுக்கக் கூடிய சாமானா அது? அவள் இருந்தால் போதும் என்று அதையும் கொடுத்துவிட்டார், பாவம்.

கோடு நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது. பல்பு எரியவில்லை.

கோகிலவாணி இமைகளையும் தாடையையும் எடுத்துக் கூடையில் வைத்தாள். இதயத்தைத் தொட்டதும் அது துள்ளியது.

"பஸ்ஸுல சத்தம் போடாம வரோணுங்க," என்று அதனிடம் சொன்னாள்.

பஸ் மாடிப்படி ஏறி வாசலில் வந்து நின்றது. அவள் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"சிக்னல் சுத்தமாயிருச்சு சார்," என்றார் ஜோதிலிங்கம். "இனி யாரை வேணும்னாலும் நினைக்கலாம்."

வேறு யாரும் வேண்டாம் என்று தெய்வசிகாமணி சொல்ல நினைத்தார். சொல்ல வாய் இல்லை.

கண்டக்டரிடம் அவள் உடுமலைக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள்.