கொலஸ்ட்ரால் இல்லாத பஜ்ஜி

கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு தறி ஓட்டிக்கொண்டிருந்த காளிச்சாமிக்குத் தொண்ணூற்று நாலாம் வருஷம் தன் இருதயத்தின் மேல் திடீரென்று அக்கறை வந்தது. ஐம்பத்திரண்டு வருஷமாக அது தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் காரணம். அந்த மனுஷன் பிழைத்து எழுந்துவிட்டார். பயம் மட்டும் காளிச்சாமியிடம் தங்கிவிட்டது.

அந்த வாரமே டிவியில் வைத்தியமும் கிடைத்தது. விளம்பரத்தில் ஒரு மெலிந்த குடும்பம் சூரியகாந்தி எண்ணெயில் பொரித்த பூரியைத் தின்றுவிட்டு மாடிப்படியில் துள்ளி ஓடியது. பாக்கெட்டில் சிவப்பு இருதயம் போட்டு, 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதியிருந்தது. காளிச்சாமி வீட்டிலிருந்த நிலக்கடலை எண்ணெய் டின்னைத் திருட்டுச் சாமான் மாதிரி அன்றைக்கே வெளியேற்றினார்.

கடலெண்ணெய் இருந்தவரை அந்த வீட்டில் பலகாரம் நோம்பி, பண்டிகை நாளில்தான். குற்றமற்ற எண்ணெய் வந்தபிறகு என்ன பயம்? தினமும் நாலு மணிக்குப் பஜ்ஜி, ராத்திரிக்குப் பூரி. இவ்வளவு எண்ணெய் ஆகுமா என்று மனைவி பொற்கொடி ஒருதரம் கேட்டாள். அவர் பாக்கெட்டை எடுத்துப் படித்துக் காட்டினார், இரண்டு தரம். அவள் பிறகு கேட்கவில்லை. பொரித்த எண்ணெயைக் கொட்ட மனசில்லாமல் மறுநாளும் அதிலேயே பொரித்தாள். மீந்த பஜ்ஜியை எறிய மனசில்லாமல் தானே தின்று தீர்த்தாள்.

டீக்கடையில் பிரசங்கம் செய்தே ஏழு வீடுகளைக் காளிச்சாமி சூரியகாந்திக்கு மாற்றினார். பெருத்துவந்த தொந்தியைக் காட்டி யாராவது கேட்டால், அது நல்ல கொழுப்பு என்றார்.

ஆறு மாதம் கழித்து, தன் வெற்றிக்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டுமென்று கோயமுத்தூரில் டாக்டர் யாஸ்மினிடம் போனார். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமென்று பொற்கொடிக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அவருக்கு ரத்தக் கொழுப்பு எல்லை தாண்டியிருந்தது. சர்க்கரை எல்லையில் நின்றது. பொற்கொடிக்கு வெறும் வயிற்றிலேயே சர்க்கரை இருநூற்று முப்பது.

"நாங்க கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்தானுங்க சாப்புடறோம்" என்றார் காளிச்சாமி.

"கடலெண்ணெயிலயும் கொலஸ்ட்ரால் கெடையாதுங்க. செடியில இருந்து எடுக்கற எந்த எண்ணெயிலயும் கெடையாது. மாசம் எத்தன லிட்டர் ஆகுதுங்க?"

அவர் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். "ஆறுங்க. நாங்க ரெண்டே பேரு" என்றாள் பொற்கொடி.

ஒரு லிட்டரே போதும் என்றார் டாக்டர். சர்க்கரைக்கு எண்ணெய் ஒன்றையே குற்றம் சொல்ல முடியாது, ஆனால் ஆறு மாதத்தில் அம்மாவுக்கு ஏறிய ஏழு கிலோ அதை வேகமாகக் கூட்டிவந்திருக்கும் என்று விளக்கினார். தாகம் தீரவில்லை, கால் எரிகிறது என்று பொற்கொடி இரண்டு மாதமாகச் சொல்லிவந்தது அப்போதுதான் காளிச்சாமியின் காதில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு வந்திருக்கோணும். உனக்கு வந்துபோட்டுது அம்மணி" என்றார்.

"உங்களுக்கும் வந்துட்டுத்தானுங்க இருக்குது" என்று ஆறுதல் சொன்னாள் பொற்கொடி.

மாத்திரையும் நடையுமாகத் தைப்பொங்கலுக்குள் அவளுக்குச் சர்க்கரை நூற்று நாற்பதுக்கு இறங்கியது. காலையில் அவள் நடக்கும்போது அவரும் பின்னாலேயே மூச்சிரைக்கப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் மாற்றிய ஏழு வீட்டுக்கும் அவளோடு போய், சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டார்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: அப்படியானால் எந்த எண்ணெய் நல்லதுங்க? எதுவானாலும் கொஞ்சமாக ஊற்றுங்கள் என்றார் காளிச்சாமி. அவர்கள் முகம் தொங்கிப்போனது. புது எண்ணெயின் பேரைக் கேட்க ஆசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது ஒரு பதிலே இல்லை. ஏழாவது வீட்டுக்காரரான சென்னிமலை, டாக்டரை மாற்றிப் பார்க்கச் சொல்லி அக்கறையோடு யோசனை கூறினார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு தட்டு நிறைய வடை கொண்டுவந்து வைத்தாள்.