நாற்பது மைல் வேகத்தில் செல்வநாதனின் கை

1

இந்தக் கதை ஒரு துண்டுச் சீட்டிலிருந்து பிறந்தது. 1953இல் ராயபுரத்து மோட்டார் பட்டறை ஒன்றில் நான் குமாஸ்தா. 'வண்டியில் பழுது ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். அந்தச் சீட்டை நம்பியதுபோல் எதையும் யாரும் நம்பவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எண்ணூர் சாலையில் உப்புக் காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுப்புக் கார் கம்பீரமாக—'

வேண்டாம். கம்பீரமெல்லாம் இல்லை. உப்பளச் சேற்றில் முங்கி எழுந்து வந்த கார் அது. உப்பள முதலாளி தண்டபாணி முதலியாருடையது. ஓட்டியவர் செல்வநாதன். (மெலிந்த மனிதர் என்று எழுதியிருந்தேன், உங்கள் பரிதாபத்தைச் சம்பாதிக்க. உண்மையில் ஆள் தாட்டியானவர்.)

"நாப்பது மைல தொட்டா ஸ்டீரிங் கைய ஒதறுது சார். ஸ்பீட கொறச்சா ஒதறல் நின்னுபூடுது."

எங்கள் மெக்கானிக் எத்திராஜ் கழுவாத வண்டியைத் தொடமாட்டார். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, சக்கரமெல்லாம் பளிச்சென்று ஆன பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். டோல்கேட் தாண்டி விரட்டிப் பார்த்தார். ஆடவில்லை. முன் சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டு, நட்டு இறுக்கமா, டயரில் வீக்கமா, காற்றுக் குறைவா என்று பார்த்தார். ஒன்றுமில்லை.

மூன்று நாளில் செல்வநாதன் மறுபடி வந்தார். மறுபடி கழுவல், மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாம் தடவையும் அதே கதைதான். அன்று முதலியாரும் கூட வந்திருந்தார்.

3

"வண்டி ஆடலய்யா. உன் கைதான் ஆடுது. எங்க, வாய ஊது" என்றார் முதலியார்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். செல்வநாதன் ஊதினார், பட்டறையில் அத்தனை பேர் முன்னால்.*

"மாதா மேல சத்தியமா நான் தொட்டதே இல்ல மொதலாளி."

முதலியார் என்னிடம் சீட்டு கேட்டார். எழுதினேன். செல்வநாதன் சாவியைக் காரின் மேல் வைத்துவிட்டு நடந்து போனார்.

* வாடை வரவில்லை. வாடை வராமல் குடிக்கத் தெரிந்தவன் என்று முதலியார் அதையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டார்.

4

இரண்டு வாரம் கழித்துப் புது டிரைவர் அதே குறையோடு வந்தார். அன்று எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. எத்திராஜ் முணுமுணுத்துக்கொண்டே சேற்றோடு ஓட்டிப் போனார். திரும்பியதும் யாரிடமும் பேசாமல் முன் சக்கரத்தைக் கழற்றினார். ரிம்மின் உட்பக்கக் குழிவில் உப்பளச் சேறு காய்ந்து, அரைச் செங்கல் கனத்துக்கு ஒரே பக்கமாக ஒட்டியிருந்தது. அப்படி ஒரு பக்கம் கனத்த சக்கரம் வேகத்தில் உதறாமல் என்ன செய்யும்?

"மூணு தபாவும் நோவக் கயுவி வுட்டுட்டு, அப்பறமா நோவு எங்கன்னு தேடிக்கீறோம் சார்" என்றார் எத்திராஜ்.

"முதலியாரிடம் சொல்லிவிடலாமா?"

"சொன்னா பட்டறைக்குத்தான் பேஜாரு."

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியதாக ஒரு பத்தி எழுதி, இரண்டு நாள் வைத்திருந்து, கிழித்துப் போட்டேன்.

5

முடிவுகள்.

அ) நான் போய் உண்மையைச் சொல்கிறேன், முதலியார் மன்னிப்புக் கேட்கிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

ஆ) செல்வநாதன் வேறு இடத்தில் வண்டி ஓட்டி நன்றாக— இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஆறுதல்.

நடந்தது வேறு. ஒரு வருடம் கழித்து டோல்கேட் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறாராம். வண்டி ஓட்டுவதை அடியோடு விட்டுவிட்டாராம்.

"உங்க மேல கோவமே இல்ல சார். நீங்க எயுதுனது சரிதான். குடிக்காமலே ஆடுது என் கை. எனக்கே தெர்ல. மொதலாளிய வெச்சிகினு எங்கனா இட்ச்சிருந்தா இன்னா ஆவறது? நல்ல வேள, நீங்க தடுத்தீங்க." வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு சார், எப்டி ஆடுது."

பார்த்தேன். அந்தக் கை ஆடவே இல்லை.

அவர் கையை இறக்காமல் காத்திருந்தார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுத இன்றுவரை துணிவு வரவில்லை. என் இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு விலகுகிறேன். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள்.