உனக்குப் பாதி, எனக்குப் பாதி

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முழங்கை வரை சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தங்கை. நேற்றுப் பூசிய களிம்பு இன்று தேய்த்தால் போகுமா என்ன? உடம்புக்குள் இறங்கியதைச் சோப்பா வெளியே இழுத்துவரும்? அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை.

கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். லிப்ட் ரிப்பேர் வேலைக்குச் சீருடையோடு கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு என்றார் வந்து பார்த்த டாக்டர். ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு அது போதுமான காரணம்தான். சாவுச் செய்தி கேட்டு, தோல் ஆராய்ச்சி நடத்தும் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணும்வரை அவளுக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

“ரொம்ப வருத்தமா இருக்குங்க. இருந்தாலும் கேக்க வேண்டியிருக்கு. புது மருந்து இல்லையா, அதனால ஏதாவது ஆச்சான்னு நாங்க பாத்தாகணும். அவரைத் தவிர வேற யாராச்சும் அதைப் பூசினாங்களா?”

“இல்லீங்களே” என்று சொல்லிவிட்டாள். போனை வைத்ததும் நேரே குளியலறைக்குள் போய்விட்டாள்.

அண்ணனுக்கும் அவளுக்கும் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து இந்தச் செதில் நோய்தான். தோல் சிவந்து, தடித்து, வெள்ளை வெள்ளையாக உதிரும். பள்ளிக்கூடத்தில் அண்ணன் பெரிய மீன், இவள் சின்ன மீன். புதுக் களிம்பைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு மீனும் சேர்ந்தே போயின. அண்ணனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு ஈரல் கொஞ்சம் சரியில்லை, ஆபத்தாகிவிடக்கூடும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வாரமே அண்ணன் ஒரு சின்ன டப்பாவோடு வந்து நின்றார். “உனக்குப் பாதி, எனக்குப் பாதி. எவன்கிட்டயும் மூச்சு விடாத.”

பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்காருபவள் அவள். அதுவரை ஜனங்கள் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துத் தள்ளுவார்கள். களிம்பு பூசத் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் கை வழுவழுவென்று ஆகிவிட்டது. ஒருநாள் ஒரு பெண் பேச்சுவாக்கில் அவள் உள்ளங்கையிலேயே காசை வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவளுக்கு வேலையே ஓடவில்லை.

“உனக்கு எப்படிண்ணா இருக்கு?”

“ஜோரா இருக்கு. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம் போல” என்பார், சீருடையின் முழுக்கையை இழுத்துவிட்டபடி.

இப்போது நெஞ்சு படபடக்கிறது. இது பயமா, மருந்தா? அண்ணனை மருந்துதான் கொன்றது என்றால் அடுத்தது அவள். உண்மையைச் சொன்னால் செத்த மனிதரை ஏமாற்றுக்காரர் என்பார்கள். சொல்லாவிட்டால், அதே களிம்பை இன்றைக்கும் பூசிக்கொண்டிருக்கும் மற்றவர்கள் கதி? திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயைத் திறக்க முடியவில்லை. அண்ணன் போய்விட்டார் என்று அழக்கூட விடாமல் தன் உயிரையே எண்ணிக்கொண்டிருக்கும் மனசை அவளுக்கே பிடிக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. அண்ணி. “உள்ள என்னம்மா பண்ற? ஆளுங்க வர்றதுக்குள்ள சட்டையை மாத்திடலாம் வா.”

இருவருமாகச் சீருடையைக் கழற்றினார்கள். ஒரு கையை உருவியதுமே தங்கை அப்படியே நின்றுவிட்டாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை தோல் சிவந்து வெடித்திருந்தது. சொறிந்த இடங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. விரிப்பெல்லாம் செதில்.

“என்ன அண்ணி இது? மருந்து நல்லாக் கேக்குதுன்னாரே?”

“பூசினாத்தானே கேக்கும்?” என்றாள் அண்ணி. “அவர் அதைத் தொட்டதே இல்ல. டியூப்ல இருக்கறதை அப்படியே உன் டப்பாவுல பிதுக்கிடுவாரு. நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன். ‘அவ நாள் பூரா நாலு பேர் முன்னாடி கையை நீட்டணும். லிப்ட் குழிக்குள்ள என் கையை எந்த மகராசி பாக்கப் போறா’ம்பாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற.”

அப்படியென்றால் மருந்து கொல்லவில்லை. அவள் நெஞ்சு லேசானது. அது லேசானதே அவளுக்குப் பொறுக்கவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுது ஓய்ந்ததும் போனை எடுத்து அந்த நர்ஸைக் கூப்பிட்டாள். “தப்பாச் சொல்லிட்டேங்க. பூசினது நான்தான். அவ்வளவும் நான்தான். அவர் ஒரு துளிகூடப் பூசல.”

அந்தப் பக்கம் நர்ஸ் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. “அவருக்கு அது கேக்கவே இல்லைன்னுல்ல நாங்க எழுதி வச்சிருக்கோம்?”

“கேக்குதுங்க” என்றாள். “நல்லாவே கேக்குது.”

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அண்ணி வெள்ளைச் சட்டையை உதறி விரித்தாள். தங்கை அலமாரியிலிருந்து வாஸ்லைன் டப்பாவை எடுத்துத் திறந்து, விரலில் வழித்து, அண்ணனின் மணிக்கட்டிலிருந்து மேலே மெதுவாகத் தடவினாள்.

“இப்ப எதுக்கும்மா அது?”

“வறண்டு கிடக்கு அண்ணி.”

அண்ணி சட்டையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவருடைய இன்னொரு கையைத் தூக்கிப் பிடித்தாள்.